ஒற்று மிகாத நினைவு

வினாத்தாளின் உறை கிழிந்த கணத்திலேயே கூடம் முழுவதும் வட்டங்கள் கறுக்கத் தொடங்கின. எவரும் யோசிக்கவில்லை, யோசிக்கவேண்டிய தேவையும் இல்லை. ஆறுகளின் பிறப்பிடங்களும், அரசர்களின் பட்டப்பெயர்களும், இரு குழாய்கள் ஒரு தொட்டியை நிரப்ப எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பதிக்கப்பட்டிருந்த அறிவேற்றியிலிருந்து, பள்ளிப்பருவத்து நினைவுகளைப்போல் இயல்பாக மேலெழுந்தன. பேனாக்களின் உரசல் ஒன்றே அங்குக் கேட்டது.

குழல்வாய்மொழி மட்டும் ஒரு வினாவில் நின்றுவிட்டாள்.

'ஆனைமடை என்னும் ஊரில் கலகம் நடைபெற்ற ஆண்டு எது?'

கீழே நான்கு ஆண்டுகள். ஐந்தாவது வட்டத்துக்கு எதிரே, வழக்கம்போல், 'விடை தெரியவில்லை'.

அவளுக்கு விடை தெரிந்தது. சிக்கலே அதுதான். 1823. கொட்டும் மழை. மடையை உடைக்க வந்த கும்பினிச் சிப்பாய்கள். அவர்களுக்குக் குறுக்கே படுத்த உழவர்கள். ஈரமண்ணின் வாடைகூட மூக்கில் ஏறிற்று. ஆனால், அந்த நினைவு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தபோது 'ஆனைமடை கலகம்' என்று வந்தது. நடுவே இருக்கவேண்டிய 'க்' இல்லை.

குழல்வாய்மொழி தென்காசியில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். ஒற்று விடுபட்ட சொற்றொடர், சோற்றில் கல்லைப்போல அவள் பல்லில் படும். அறிவேற்றி புகட்டும் செய்திகள் அனைத்தும் செம்மையாகப் பதிப்பிக்கப்பட்ட நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் பிழை இராது. ஆயினும் அக்கருவிக்கு ஒரு குறை உண்டு. மனத்தில் வெற்றிடத்தைக் கண்டால் அது சும்மா விடாது. அருகில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, ஒரு விடையைத் தைத்து அடைத்துவிடும். தைத்தது எது, படித்தது எது என்று மனத்துக்குத் தெரியாது. எல்லாருடைய தலையிலும் ஒரே கருவி இருந்ததால், எல்லாருக்கும் ஒரே தையல். இரு சொற்களை அருகருகே வைக்கத் தெரிந்த அதற்கு, அவற்றைப் புணர்க்கத் தெரியவில்லை என்பதைக் குழல்வாய்மொழி மட்டும் கண்டுபிடித்திருந்தாள். ஒற்று மிகாத இடமே தையல் விழுந்த இடம்.

தேர்வாயம் இந்தக் குறையையே தேர்வாக ஆக்கியிருந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் அறிந்துவிட்ட நாட்டில் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆகவே ஒவ்வொரு தாளிலும் சில வெற்று வினாக்கள் கலக்கப்பட்டன: நடக்காத போர், ஓடாத ஆறு, பிறக்காத புலவர். அவற்றுக்கு ஐந்தாம் வட்டத்தை நிரப்பியவர்களே தேறினார்கள். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவரே அரசுப்பணிக்கு வேண்டும் என்பது தேர்வாயத்தின் கொள்கை.

வயது வரம்பு அவளுக்கு இந்த ஆண்டோடு முடிகிறது. இனி ஒரு தேர்வு இல்லை. ஈரமண்ணின் வாடையைப் புறந்தள்ளி, ஐந்தாம் வட்டத்தைக் கருமையாக நிரப்பினாள்.

விடைக்குறிப்பு வெளியான அன்று, விடுதியில் அவளோடு தங்கியிருந்த தூத்துக்குடிப் பெண் ரெஜினா ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

"அக்கா, ஆனைமடைக்கு நீங்க எதப் போட்டிய?"

"அஞ்சாவது."

"ஐயோ, 'ஆ'ன்னுல்லா வந்திருக்கு! ஆயிரத்து எண்ணூத்து இருபத்து மூணு. தெரிஞ்ச கேள்வியப் போயி விட்டுட்டு வந்திருக்கியளே!"

"அப்படி ஒரு கலகமே நடக்கலை, ரெஜினா."

"நல்லாச் சொன்னிய. அந்தக் கெழவி மடைமேல நின்னு வச்ச ஒப்பாரிய நெனச்சா எனக்கு இப்பவும் தொண்டைய அடைக்கி."

"அந்த நினைவுல 'க்' இருக்கான்னு பாரு."

ரெஜினா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஆரம்பிச்சிட்டியளா? கல்யாணப் பத்திரிகையில ஒத்து விட்டுப்போச்சுன்னு வந்த மாப்பிள்ளையவே வேண்டாம்னவுகதான நீங்க!"

"அதுக்கு வேற காரணம்," என்றாள் குழல்வாய்மொழி. சிரிக்க முயன்றாள், இயலவில்லை. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாயிற்று. பணிக்கும் அவளுக்கும் நடுவே அந்த ஒரு வினாதான் நின்றது.

விடைக்குறிப்பை மறுத்து மனு எழுதினாள். எழுதியதைக் கிழித்துப் போட்டு மீண்டும் எழுதினாள். 'ஆனைமடைக் கலகம் என ஒன்று நிகழவே இல்லை' என்னும் தொடரை எத்தனை முறை எழுதினாளோ, அத்தனை முறையும் ஒற்று தானாகவே விழுந்தது. பிழையாக எழுத அவள் கைக்கு வராது.

விசாரணை அறையில் இருவர் இருந்தனர். தேர்வாயத் தலைவர் தணிகாசலம் மனுவை விரலால் தட்டினார்.

"உட்காருங்கம்மா. ஆதாரம் ஏதாவது கொண்டாந்திருக்கீங்களா?"

"நடக்காத ஒன்றுக்கு ஆதாரம் எப்படிங்க ஐயா இருக்கும்?"

"ஆதாரம் இல்லைன்னா, அப்ப நடந்ததுன்னுதானே ஆகுது?"

"இது வெற்று வினா. இதை எழுதினவங்க யாருன்னு பார்த்து, அவங்களைக் கேளுங்க."

"பக்கத்துலதான் இருக்காங்க," என்று தலைவர் திரும்பினார். "மேடம், நீங்களே சொல்லுங்க."

பேராசிரியர் யமுனாபாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வெற்று வினா என்று எண்ணித்தான் எழுதினேன். ஊரின் பெயரையும் நானே கட்டினேன். பிறகு என் அறிவேற்றியைப் புதுப்பித்தபோதுதான் விளங்கிற்று. என் மூதாதை ஒருவரே அந்த மடையில்தான் இறந்திருக்கிறார். இத்தனை காலம் அது தெரியாமல் இருந்துவிட்டேனே, அம்மா." அவர் கண்கள் நிறைந்தன. அதில் பாசாங்கு துளியும் இல்லை என்பதைக் குழல்வாய்மொழி கண்டாள்.

வேறு வழியின்றி, எவரிடமும் விளக்கிச் சொல்லாத தன் கண்டுபிடிப்பைச் சொன்னாள். ஒற்று விடுபடும் இடத்தையும், கருவி சொற்களைத் தைக்கும் விதத்தையும், பிழையைக் கொண்டே பொய்யை இனங்காணலாம் என்பதையும் ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தாள். பேராசிரியர் தலையசைத்துக் கேட்டார். தலைவருக்கு முகம் மலர்ந்தது.

"அருமைம்மா! இத்தனை நாளா ஒருத்தருக்கும் இது படலையே. அறிவேற்றி செய்யறவங்களுக்கு இன்னைக்கே எழுதிடறோம். இனிமே ஒரு இடத்துலகூட ஒற்றுப்பிழை வராது."

தையலைக் காட்டிக்கொடுத்த ஒரே இழையைக் குழல்வாய்மொழியே கத்தரித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள்.

"இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம்," என்றார் தலைவர். "உங்க அறிவேற்றியைப் படிச்சுப் பார்த்தாச்சு. விடை உள்ளே இருக்கு. தெரிஞ்சும் கைதவறி அஞ்சாவது வட்டத்தை நிரப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மதிப்பெண் போட்டுடலாம். இல்லைன்னா மனு தள்ளுபடி. பொய் சொல்லச் சொல்லலை. உள்ளே பார்த்துட்டு, இருக்கறதைச் சொல்லுங்க."

அவள் கண்களை மூடி உள்ளே தேடினாள். மழை பெய்துகொண்டிருந்தது. சிப்பாய்கள் வந்தார்கள். உழவர்கள் படுத்தார்கள். அந்த நினைவு தன் பெயரைச் சொல்லும்வரை காத்திருந்தாள். அது சொல்லிற்று: ஆனைமடைக் கலகம். 'க்' உரிய இடத்தில் அசையாமல் நின்றது. மனுவை எழுதி எழுதி, அவளுடைய கையே அதைத் திருத்திவிட்டிருந்தது. எங்கே தைத்திருக்கிறது என்று தடவிப் பார்த்தாள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

யமுனாபாய் மேசையின்மேல் குனிந்தார். குரல் தாழ்ந்திருந்தது. "நீ நுணுக்கமாகப் பார்க்கிறவள், அதனால் கேட்கிறேன். மழை மறைப்பதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் மூதாதை மடைக்கு எந்தப் பக்கம் விழுந்தார்?"

தெரியவில்லை என்று சொல்வதற்காகத்தான் குழல்வாய்மொழி வாயைத் திறந்தாள்.

"இடப்பக்கம், அம்மா," என்றாள். "வலக்கை மட்டும் தண்ணீருக்குள் கிடந்தது."