விளக்கு வைக்கிற நேரம்...

விசிறி நின்று நின்று சுற்றியது. கரண்ட் போகப்போகிறது. வேதா டேப்ரெக்கார்டரின் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்துக்காக அவள் எழுதிய டைம்டேபிள் ப்ரோக்ராம், கம்ப்யூட்டரிலிருந்து கேசட்டுக்குக் கீச்கீச்சென்று ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான்... கொஞ்சம்தான்...

வெயிலிலிருந்து ஒருவன் விறுவிறுவென்று உள்ளே வந்தான். ஒயர் காலில் மாட்டியது. பிளக் பிடுங்கிக்கொண்டது. திரை கறுத்தது.

"சார், கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"

அவன் முகம் வெளுத்தது. அடுத்த நொடியே இறுகியது. "வழியில ஒயர் போட்டா இப்படித்தாங்க ஆகும்."

மன்னிப்பு கூட இல்லை. ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கு முந்தின ஏரி மாதிரி, கறுப்பாய், அசையாமல். இவ்வளவு அழகான கண்ணுக்கு இவ்வளவு திமிரா?

பெயர் சகாதேவன். அடி அண்ணாமலைக்காரன். சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர், லீவில் வந்திருப்பதாகச் சொன்னான். சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து, கணக்குப் போட்டு, கப்பல் நடுக்கடலில் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது அவன் வேலை. அந்தக் கணக்கை இனி கம்ப்யூட்டர் போட வேண்டுமாம். செங்கம் ரோட்டிலிருந்த அந்த சென்டரில் ஒரே கம்ப்யூட்டர். அதற்கு ஒரே டீச்சர், வேதா.

அளந்து பார்க்க இங்கே கடலின் விளிம்பு இல்லாததால், சென்டரின் கொல்லையில் எவர்சில்வர் தட்டு நிறைய எண்ணெய் ஊற்றி வைப்பான். எண்ணெயில் தெரியும் சூரியனையும் வானத்துச் சூரியனையும் தன் பித்தளை செக்ஸ்டன்ட்டுக்குள் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கோணம் சொல்வான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தட்டுவாள்.

முதல் விடை வந்ததும் மேப்பில் விரல் வைத்துத் தேடினாள்.

"சார்... திருவண்ணாமலை ஆப்பிரிக்காவுல இருக்குது."

"என்னா டைம் போட்டீங்க?"

"என் வாட்ச் டைம்."

"கிரீன்விச் டைம் போடணுங்க. அஞ்சரை மணி நேரத்தைக் கழிக்கலன்னா, இங்கிருந்து வீட்டுக்குப் போவ நீங்க கப்பல்தான் ஏறணும்."

"ஏத்திவிடுங்களேன்... உங்க கப்பல்லயே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் மனசுக்குள் சாரல் மாதிரி இறங்கியது.

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. விளக்கு வைக்கிற நேரம் நெருங்கினால் எழுந்துவிடுவான். பாதிப் பேச்சில்... பாதிச் சிரிப்பில்...

"நட்சத்திரக் கணக்கையும் சரிபார்க்கணுமே சார்?"

"மேகம் ஜாஸ்திங்க."

வானம் துடைத்துவிட்டது போல் இருந்த நாளிலும் அதையேதான் சொன்னான். அவனுக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. யாரோ ஒருத்தி...

ஒருநாள் அந்தி மயங்கும்போது தேரடித் தெருவில் எதிரே வந்தான். வேதா நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். முகத்துக்கு நேராக வந்தவன்... அப்படியே கடந்து போனான்.

கூட இருந்த சிநேகிதி தனம் விடவில்லை. "இவருதானா உன் கப்பல்காரரு? நல்லா கண்டுக்குனாருடி."

அதன் பிறகு வேதா அவனிடம் எண்களை மட்டுமே பேசினாள். வெளியே மழை பெய்தது. உள்ளே எதுவும் நனையவில்லை.

கார்த்திகை தீபத்தன்று காலை ப்ரோக்ராம் முடிந்தது. கேசட்டை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"மெட்ராஸ் கிளம்பறேங்க."

"கப்பலுக்கா?"

அவன் செக்ஸ்டன்ட் பெட்டியை மேஜைமேல் வைத்தான். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்." போய்விட்டான்.

பொழுது இறங்கும்வரை அந்தப் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தாள். இதை விட்டுவிட்டு எந்த ஆபீசர் கப்பல் ஏறுவான்? திடுக்கென்றது. பெட்டியை அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினாள்.

தெருவெல்லாம் தலைகள். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். பஸ் கிடைக்காமல், கோவில் மதிலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஆள் இடிக்க இடிக்க அப்படியே நின்றிருந்தான் சகாதேவன்.

"எனக்கு எதுக்குங்க இது?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "தேரடியில மூஞ்சிக்கு நேரா பாத்துட்டு, பாக்காத மாதிரி போனீங்களே... நான் உங்களுக்கு அவ்ளோ கம்மியா?"

அவன் குரல் வந்த பக்கம் திரும்பினான். "நீங்க... அங்க நின்னீங்களா?"

"நடிக்காதீங்க."

"வேதா..." குரல் உடைந்தது. "அந்தக் கப்பல் கணக்கு எப்பவோ முடிஞ்சிருக்கும். உங்க பக்கத்துல உக்காரணும்னுதான் இத்தனை நாள் இழுத்தேன்."

அவள் ஓரடி நெருங்கினாள். "அப்புறம் ஏன் போறீங்க?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் ஊரே ஒரே குரலில் அரோகரா என்றது. எல்லாக் கைகளும் மலையை நோக்கிக் குவிந்தன. உச்சியில், கருநீல வானத்தில், தனி நட்சத்திரம் போல் தீபம்...

வேதா கண்ணீரோடு அவன் பக்கம் திரும்பினாள். அவனும் கைகுவித்திருந்தான். மலையைப் பார்த்து அல்ல. மதிலைப் பார்த்து.

"வேதா... ஏத்திட்டாங்களா?"

அவள் கை தன்னால் அவன் கையைப் பற்றியது. அந்த விரல்கள் சில்லிட்டிருந்தன.

"பொழுது சாஞ்சா எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அதான் கப்பல்ல இருந்து இறக்கிட்டாங்க." அவன் மெல்லச் சொன்னான். "இனிமே பகல் பார்வையும் போயிடும்னு மெட்ராஸ் டாக்டர் சொல்லிட்டாரு... அதுக்குள்ள உங்க முகத்த மனப்பாடம் பண்ணிக்கலாம்னுதான், தினமும் வெயில்ல வந்தேன்."