மஞ்சள் பந்தும் கட்டைவிரலும்

அந்தத் தெருவில் மூன்று மாதமாக ஒரு தலையும் ஒழுங்காக இல்லை. தபால்காரரின் முடி காதை மூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவருக்கு நெற்றி முடி கண்ணை மறைத்தது. கடிகாரம் சரியாகத் தெரியாமல் ஒருநாள் பத்து நிமிடம் முன்னதாகவே மணி அடித்துவிட்டார். பிள்ளைகள் யாரும் அதைப் பற்றிப் புகார் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் சுண்டுவின் அம்மாவுடைய வலது கை.

சுண்டு என்பது செல்லப் பெயர்தான். பிறந்தபோது சுண்டுவிரல் அளவு இருந்தாளாம். பத்து வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அவளுடைய ஆறு வயதுத் தம்பிக்கு வாலு என்று பெயர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவனைப் பார்த்தாலே தெரியும்.

அம்மா வீட்டின் முன்னறையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. ஆனால் அம்மாவின் கத்தரிக்கோல் பேச ஆரம்பித்தால் நிற்காது. சரக் சரக் சரக்கென்று அது ஓடும் சத்தத்தில்தான் சுண்டு தினமும் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

மழை பெய்த ஒரு காலையில் அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லித்தரும் அக்கா ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்தார். "இதைத் தினமும் அமுக்குங்க. பலம் தானா வரும்" என்றார்.

அப்பாவுக்கு இதில் ரொம்பச் சந்தோஷம். அவர் குழாய் வேலை செய்பவர்.

"பலம்ங்கறது மாடித் தொட்டி மாதிரி" என்றார் அவர். "மேல தண்ணி ஏத்திட்டாப் போதும், கீழ இருக்கற எல்லாக் குழாயிலயும் வரும். நீ அமுக்கு!"

அம்மா அமுக்கினார். வாலு எண்ணினான்.

"நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்போது, அறுவது!"

"டேய், அம்பதை எங்கடா விட்டே?" என்றாள் சுண்டு.

"அது சின்ன நம்பருக்கா. அம்மா பெரிய ஆளு."

ஐந்து வாரம் இப்படியே போயிற்று. ஆஸ்பத்திரியில் கைப் பலத்தை அளக்க, அழுத்திப் பார்க்கும் ஒரு கருவி இருந்தது. அம்மா அதை அழுத்தியபோது முள் சரசரவென்று ஏறியது. மறுநாளே கடை திறந்தாயிற்று!

முதலில் வந்து உட்கார்ந்தவர் எதிர்வீட்டு மருந்துக்கடை அண்ணன். அம்மா வெள்ளைத் துணியைப் போர்த்தி, முடியில் தண்ணீர் தெளித்து, வெட்ட ஆரம்பித்தார். சரக்... சரக்... பாதித் தலை முடிந்தது. அதன்பிறகு கத்தரிக்கோல் முடியைக் கவ்வியபடி அப்படியே நின்றுவிட்டது. அம்மா இழுத்தார்.

"ஆ!" என்று அண்ணன் ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தார்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "வலிச்சிடுச்சா தம்பி? கை... கை திறக்கவே மாட்டேங்குது."

"வலியா? எனக்கா? சே சே!" என்று கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டார் அண்ணன். "இதுவே போதும்க்கா. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் நல்ல மனிதர். அன்றிலிருந்து தொப்பி போட்டுக்கொண்டு மருந்து விற்றார்.

அன்று மாலை அம்மா கத்தரிக்கோலை ஒரு துண்டில் சுற்றி, இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பிறகு போனை எடுத்தார். அடுத்த தெருவில் அழகு நிலையம் வைத்திருக்கும் அத்தையிடம் பேசினார். "நாற்காலி கேட்டீங்களே அண்ணி... ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குங்க. இனிமே இந்தக் கையில பலம் வராது" என்றார்.

சுண்டு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவளுக்கு அழுகையாக வந்தது. அந்த நாற்காலி போய்விட்டால் சரக் சரக் சத்தமும் போய்விடும். அதைவிட, அம்மா பேசிய குரல் அம்மாவின் குரலாகவே இல்லை.

'பலமே இல்லையா? நேத்து என் கையைப் பிடிச்சு ரோட்டைக் கடந்தப்போ எனக்கு எலும்பே வலிச்சுதே!' என்று நினைத்தாள்.

அம்மாவுக்கே அதைக் காட்டிவிட வேண்டும். புதன்கிழமை மாலை சுண்டு கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தாள்.

"இன்னிக்கு நம்ம வீட்டுல கைப் போட்டி! எல்லாரும் கலந்துக்கணும்."

"பரிசு உண்டா?" என்றான் வாலு.

"ஜெயிச்சவங்க பாத்திரம் கழுவ வேண்டாம்."

உடனே அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதல் போட்டி, ஈரத் துண்டு பிழிவது. சுண்டு பிழிந்து முடித்த துண்டை அம்மா பிழிந்தார். இன்னும் அரை டம்ளர் தண்ணீர் வந்தது. "பாத்தியாம்மா!" என்று குதித்தாள் சுண்டு. அம்மா லேசாகச் சிரித்தார். அதன்பிறகு அப்பா பிழிந்து இன்னும் கொஞ்சம் தண்ணீரை எடுத்து, வெற்றி தனக்கே என்று மீசையை முறுக்கினார்.

இரண்டாவது, கொல்லைப்புறத்துக் கம்பியில் தொங்குவது. அம்மாவின் கை இப்போதுதான் கூடியிருக்கிறது என்பதால் அவர் நடுவர். குழாயையே திருகிப் பிடுங்கும் அப்பா பதினைந்து எண்ணுவதற்குள் தொப்பென்று இறங்கினார். அம்மா நூறு எண்ணியும் வாலு தொங்கிக்கொண்டே இருந்தான். கூப்பிட்டால் கால்களை வேறு ஆட்டினான்.

"கையில குறை ஒண்ணும் இல்ல" என்று வயிற்றைத் தடவினார் அப்பா. "குறை இங்கதான் இருக்கு."

மூன்றாவது, தடிமனான அகராதியை விரல் நுனிகளால் மட்டும் கவ்வித் தூக்குவது. அப்பாவுக்கு அது வழுக்கி வழுக்கி விழுந்தது. வகுப்பு நூலகத்தில் தினமும் புத்தகம் அடுக்கும் சுண்டு அலட்டிக்கொள்ளாமல் தூக்கி நின்றாள்.

"இதென்ன அநியாயம்?" என்றார் அப்பா. "நான்தானே இந்த வீட்டுலயே பலசாலி?"

சுண்டு யோசித்தாள். ஒரே வீடு, நான்கு ஜோடிக் கைகள். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொருவர் ஜெயிக்கிறார்கள்!

"அம்மா, அந்தக் கத்தரிக்கோலை ஒரே ஒரு தடவை எடேன். வெறும் காத்துல வெட்டிக் காட்டு."

"வேண்டாம் கண்ணு."

"எனக்காக, ஒரே ஒரு தடவைம்மா!"

அம்மா இழுப்பறையைத் திறந்தார். சுண்டு கண்ணை அம்மாவின் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பார்த்தாள். நான்கு விரல்களும் அசையாமல் இருந்தன. கட்டைவிரல் மட்டும் இறங்கியது, கத்தரிக்கோல் மூடியது. கட்டைவிரல் ஏற வேண்டும். ஏறவில்லை. நடுங்கி நடுங்கிப் பாதியில் நின்றது.

"இப்போ பந்தை அமுக்கும்மா."

அம்மா அமுக்கினார். நான்கு விரல்களும் பந்தைக் கசக்கின. கட்டைவிரல் ஓரமாகச் சும்மா சாய்ந்திருந்தது.

"அம்மா!" என்று கத்தினாள் சுண்டு. "பந்து அமுக்கும்போது நாலு விரல்தான் வேலை செய்யுது. கட்டைவிரல் வேடிக்கை பாக்குது! ஆனா முடி வெட்டும்போது அது மட்டும்தான் வேலை செய்யணும். அதுவும் மூடறதுக்கு இல்ல, திறக்கறதுக்கு!"

அம்மா தன் கையையே முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இருபது வருஷமா வெட்டறேன். தலையைத்தான் பாத்திருக்கேன், கையைப் பாத்ததே இல்லையேடி."

சுண்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, தொட்டி நிறைய தண்ணி இருக்கு. மத்த குழாய்ல எல்லாம் வருது. ஒண்ணுல மட்டும் வரல. என்ன செய்வீங்க?"

"இது ஒரு கேள்வியா? அந்தக் குழாயோட வால்வைப் போய்த் திறப்பேன்" என்றவர், அப்படியே நிறுத்தினார். பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "அட! அஞ்சு வாரமா நான் தொட்டியையே ரொப்பிட்டு இருந்திருக்கேன்!"

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பயிற்சி அக்கா அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து, "இப்போ விரிங்க" என்றார். முடியவில்லை.

"என்ன வேலைன்னு கேட்டப்போ கடைன்னு மட்டும்தானே சொன்னீங்க? மூட்டை தூக்கற கடைன்னு நெனச்சுட்டேன். நானும் நல்லா விசாரிச்சிருக்கணும்" என்று வருத்தப்பட்டார் அக்கா. "பந்து வீண் போகல. பிழியறது, பிடிக்கறது எல்லாத்துக்கும் அந்தப் பலம் உதவும். ஒரு பயிற்சி அதுக்குப் பக்கத்து வேலைக்கு ஓடி வரும். தூரத்து வேலைக்கு வராது. அதுக்குத் தனியாத்தான் பழக்கணும்."

அவர் ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, அம்மாவின் விரல்களையும் கட்டைவிரலையும் சுற்றிப் போட்டார். "இதை எதிர்த்து விரிங்க. மெதுவா. வலிச்சா நிறுத்திடணும். மூணு வாரத்துல வித்தியாசம் தெரியும்."

மூன்று வாரம்! நாற்காலி நாளை மறுநாளே போகிறது.

"அத்தைகிட்ட வேண்டாம்னு சொல்லிடும்மா" என்று கெஞ்சினாள் சுண்டு.

"சொன்ன சொல்லை மாத்தறது நல்லா இல்ல. அப்படியே மாத்தினாலும், கை சரியாகலன்னா?" என்றார் அம்மா. அவருக்குப் பயம். ஒருமுறை நம்பி ஏமாந்தவருக்கு இன்னொரு முறை நம்புவது கஷ்டம். சுண்டுவுக்கு அது புரிந்தது. அதனால் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டி வந்து நின்றது. அழகு நிலையத்து அத்தை உள்ளே வந்தார். சுழல் நாற்காலியில் சுண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணியைக் கழுத்துவரை போர்த்தியிருந்தாள்.

"என்னம்மா, நாற்காலியை எடுக்கலாமா?" என்றார் அத்தை.

"ஆள் இருக்காங்களே அத்தை. முடி வெட்டிக்க வந்திருக்கேன்."

"அப்படியா? எப்போ வெட்டி முடியும்?"

"இன்னும் மூணு வாரம் ஆகும்."

அத்தை சுண்டுவைப் பார்த்தார். சமையலறை வாசலில் கையில் ரப்பர் பேண்டோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கண்கள் நிறைந்திருந்தன.

"அவ தலைல நான் எப்படி..." என்று தொடங்கினார் அம்மா.

"என் முடிதானேம்மா? கோணலா வெட்டினாலும் திரும்ப வளரும்" என்றாள் சுண்டு.

அத்தை சிரித்துவிட்டார். "வாடிக்கையாளரை எழுப்பற பழக்கம் எனக்குக் கிடையாது. மூணு வாரம் கழிச்சு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

அதன்பிறகு அந்த வீட்டில் ரப்பர் பேண்டுதான் ராஜா. காலையில் விரி, மூடு. மாலையில் விரி, மூடு. முதல் வாரம் கட்டைவிரல் நெல்மணி அளவுகூட நகரவில்லை. இரண்டாவது வாரம் நடுக்கம் குறைந்தது. மூன்றாவது வாரம் வாலு எண்ணும்போது ஐம்பதைத் தாண்டிக் குதிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் பெரிய எண்ணாகத்தான் அவனுக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு விடிந்ததும் சுண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பயமா இருக்கா?" என்றார் அம்மா.

"எனக்கு இல்ல. உனக்கு?"

"ரொம்ப."

"அப்போ கண்ணை மூடாம வெட்டும்மா."

சரக். கத்தரிக்கோல் மூடியது. சுண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் எழுந்தது. கத்தரிக்கோல் திறந்தது. சரக். மறுபடி திறந்தது. சரக் சரக் சரக்!

நெற்றி முடி கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அம்மா அதைச் சரிசெய்யப் போனபோது சுண்டு தலையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம், இது இப்படியே இருக்கட்டும்." அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். சுண்டுவின் கழுத்தில் ஒட்டியிருந்த முடியெல்லாம் அம்மாவின் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சரக் சரக் சத்தம் தெருவுக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது. மருந்துக்கடை அண்ணன் வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, அந்த மீதிப் பாதி..."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே தபால்காரர் வந்தார். கண்ணே தெரியாமல் தட்டுத்தடுமாறி மணி அடிப்பவரும் வந்தார். அப்பா வரிசையை ஒழுங்கு செய்தார். செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தானும் அதில் நின்றுகொண்டார்.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அழகு நிலையத்து அத்தை எட்டிப் பார்த்தார். வாலு ஓடிப்போய் வழியை மறித்தான்.

"ஆள் இருக்காங்க! நீங்க அஞ்சாவது!"

அத்தை அம்மாவின் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டிக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

"சரி, காத்திருக்கேன்" என்றார். "எனக்கு நுனி மட்டும் வெட்டினாப் போதும்."