எரியாமல் போன பிரேக் விளக்கு

சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒரு நொடி எரிந்து அணையும். அன்று காலை பிரேக்கின் சிவப்பு வட்டம் மட்டும் எரியவில்லை.

மூன்று வாரமாக அணைய மறுத்த விளக்கு அது. ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கிய பிறகும் எரியும். சரிவில் இறங்கும்போது அவளையே முறைத்துக்கொண்டிருக்கும். கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன், எதையும் கழற்றி மாட்டத் தெரிந்தவன். ஞாயிறுதோறும் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயிலை நிரப்பிவிட்டு, சென்சார்தான் மக்கர் செய்கிறது, பிரேக்குக்கு ஒன்றுமில்லை என்பான். ஒருவழியாகச் சரிசெய்துவிட்டான் போல என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் நல்ல விளக்கு அந்த ஒரு நொடியாவது எரிய வேண்டுமே. கண்ணாடிக் கடையில் பத்து வருடமாகக் கண் பரிசோதிக்கிறவள் அவள். வெளிச்சம் அடித்தும் சுருங்காத கண்மணியைப் பார்த்தால் இன்னொரு தடவை வெளிச்சம் அடித்துப் பார்ப்பாள். சாவியை மறுபடி திருப்பினாள், எரியவில்லை, கடைக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பினாள்.

வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. கீழே போக மூன்று வளைவுகள். முதல் வளைவில், ஈரத் தார் வாசனையும் யாரோ வீட்டு ரேடியோவின் முணுமுணுப்பும் பாதி இறக்கிய கண்ணாடி வழியே வந்துகொண்டிருக்க, பெடல் வழக்கம்போல் காலுக்கு அடங்கியது. இரண்டாவது வளைவில் ஈரப் பஞ்சை மிதிப்பதுபோல் மெத்தென்று உள்ளே போனது. மூன்றாவதில் தரையைத் தொட்டது.

கியரைக் குறைத்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். டயர்கள் கத்தின. யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் முன்சக்கரம் புதைந்து வண்டி நின்றது. இஞ்சின் அணைந்த அமைதியில், சக்கரத்துக்குப் பின்னால் எதுவோ சொட்டும் சத்தம்.

சரிவின் அடியில் இருந்த ஒர்க்‌ஷாப்காரர் வந்து வண்டியை இழுத்துப்போனார். டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தவர், அந்த விளக்கின் பல்ப் இருக்க வேண்டிய ஓட்டையை அவளுக்குக் காட்டினார். காலியாக இருந்தது. அடியில் போய் வந்து, பிரேக் ஆயில் ஓடும், விரல் தடிமனான ரப்பர் ஹோஸ் ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"இது தேஞ்சு போனது இல்லம்மா. பிளேடு வச்சுக் கீறியிருக்காங்க. ஒரு தடவை இல்ல. நாலு தடவை."

நான்கு கீறல். முதலாவது மெல்லியது, அழுக்கேறியது. கடைசி புத்தம் புதியது. கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாக, ஞாயிறுக்கு ஒன்றாக. ஒன்பது வருடத்தில் அவன் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. ஏன் என்று தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு சண்டைகூட அகப்படவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, காலையில் அவள் நெற்றியை அவன் தொட்டு, சளி தேவலையா என்று கேட்ட இடம் மட்டும் எரிந்தது.

வீட்டில் அவளுடைய அம்மா தனியாக இருந்தாள். அப்பா போன பிறகு மகளோடு வந்து தங்கியவள். அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். கணவன் ஆறு மணிக்குத்தான் வருவான், அதற்குள் பஸ் பிடித்து வந்து கூட்டிப்போகிறேன், நேராகப் போலீஸுக்குப் போகலாம், துணிமணி எடுத்துக்கொண்டு வாசலில் நில் என்றாள். வண்டி இன்றைக்கே கிடைத்துவிடுமா என்று அம்மா கேட்டாள். பிறகு, "பஸ்ஸுல எல்லாம் வேணாம். கார் சரியானதும் கார்லயே வாடா கண்ணு" என்றாள். அந்த நிலையிலும் மகளுக்குக் கால் வலிக்கும் என்று யோசிக்கிற அம்மா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

புது ஹோஸ் மாட்டி வண்டி கைக்கு வரும்போது பிற்பகல் மூன்று மணி. வீட்டை ஒட்டி வண்டியை நிறுத்தினாள். வாசலில் அம்மா இல்லை.

கணவனின் ஷூ இருந்தது.

உள்ளே போனாள். கூடத்து ஃபேன் வேகமாகச் சுற்றியது. சோபாவில் யாரும் இல்லை. சமையலறையில் பிரேக் ஆயிலின் கசந்த வாடை. குளியலறை காலி. அம்மா என்று கூப்பிட வாய் திறந்தாள். கணவன் காதில் விழும் என்று மூடிக்கொண்டாள். அம்மாவை அவன் ஏதாவது செய்துவிட்டானோ. படிகளை இரண்டிரண்டாகத் தாவி அம்மாவின் மாடியறைக் கதவைத் தள்ளினாள். கட்டில் கலையாமல் இருந்தது. எந்தப் பையும் எடுக்கப்படவில்லை.

ஜன்னலுக்குக் கீழே இரும்பு உரசியது.

ஒரு முறை. இன்னொரு முறை.

எட்டிப் பார்த்தாள். அவள் இப்போதுதான் நிறுத்திய காரின் அடியிலிருந்து கணவனின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில், புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு, சிமென்ட் தரையில் கன்னம் படக் குனிந்து, அம்மா. கையில் டார்ச். அது நடுங்கவே இல்லை.

"தெரியுதா மாப்பிள்ள?"

"இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க அத்தை."

அம்மா கிட்டக் காட்டினாள்.