காயாத செம்மண்

"எங்கப்பாவ எங்க போட்டீங்க?"

கேட்டேவிட்டாள் புனிதமலர். துரைசிங்கத்திடம் இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எஸ்டேட் ஆபீஸின் கடைசிப் பெரிய கிராணி, தலைமைக் கிளார்க், அவர். அவர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்காமல் நீ யுனிவர்சிட்டி வாசலை மிதித்திருப்பாயா என்பாள். மிதித்தாள், கெமிஸ்ட்ரி படித்தாள், அந்தத் தொழிலாளர் லயத்திலேயே முதல் டிகிரி அவளுடையதுதான். அதற்கு நன்றி காட்டத்தான் சனிக்கிழமைதோறும் ஈப்போவில் இவர் வீட்டுக்கு வந்து, இவர் ஒட்டி முடிக்கும் பொம்மை டாங்கிகளுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறாள். வேலை அவளுடையது, போட்டியில் கிடைக்கும் கோப்பை அவருடையது.

மேசைமேல் ஒரு சாண் நீளத்தில் ஜப்பான்காரன் டாங்கி நின்றது. புதிதாக இருக்கும் ஒன்றைப் போரில் அடிபட்டு வந்ததாகக் காட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விளிம்புகளில் பெயிண்டை உரிக்க வேண்டும். பிறகு வாஷ்: தண்ணீர்போல் கரைத்த கரும்பழுப்பை மேலெல்லாம் ஓடவிட்டால் பள்ளங்களில் மட்டும் போய்த் தேங்கும். அதற்குமேல் துருக் கோடு, தூசி. கடைசியில்தான் சேறு. வரிசை மாறினால் வேலை கெட்டுப்போகும்.

இந்தத் தடவை சேற்றுக்கு மண் அவரே கொண்டுவந்தார், ஒரு பிஸ்கட் டின்னில். பூஞ்சை பிடிக்காமலிருக்க அவள் அதை ஓவனில் சுட்டு, சலித்து, பசையில் குழைத்துப் போன சனிக்கிழமை டாங்கியின் சங்கிலிச் சக்கரங்களில் அப்பினாள். ஒரு மணி நேரத்தில் கல்லாகியிருக்க வேண்டும். இன்று தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஹேர் டிரையரை வைத்துச் சூடு காட்டினாள். காயவில்லை, மாறாக மழையில் நாளெல்லாம் நனைந்த ரப்பர் பால்மரக் காட்டின் வாடையும், அதற்கடியில் ரொம்ப நாள் மூடிக்கிடந்த வேறேதோ ஒன்றின் வாடையும் கிளம்பி, ஏசி அறையின் குளிரோடு கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. மிச்ச மண்ணைச் சலித்தபோது சல்லடையில் ஒரு துண்டு மாட்டியது. நீல டைல்ஸ். அதில் பாதி மீன்.

குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய அந்த மீன் டைல்ஸை எஸ்டேட் இடுகாட்டில் அப்பாவின் சமாதியில் பதித்தது அம்மாவின் கைதான்.

துரைசிங்கம் நிமிரவில்லை. "என்ன கதை பிள்ளை இது? அங்க கிடந்த எல்லாரையும் ஆயர் தாவார் இடுகாட்டுக்கு மாத்தியாச்சு எண்டு அப்பவே சொன்னனான்தானே."

"ஆயர் தாவார் போய்ப் பாத்துட்டேன் லா. மேல பேர் போட்ட பலகை, கீழ ஒன்னுமே இல்ல. தோண்டவே இல்லையாம், வாட்ச்மேன் சொல்றாரு."

"மழைக்காலம். எஸ்டேட் நிலத்தில வீடு கட்டுறவனுக்கு அவசரம். புல்டோசர் ஒருக்கா போய் வந்திட்டுது, நான் என்ன செய்யிறது?" டாங்கியை விளக்கடியில் திருப்பினார். "நிறத்தைப் பார் பிள்ளை. எந்தக் கடையில கிடைக்கும் இப்பிடி ஒரு சிவப்பு?"

"அது எங்கப்பா, ஐயா."

"மண். படிச்ச பிள்ளை மாதிரிக் கதை. இன்னும் கொஞ்சம் அப்பு, வாற கிழமை போட்டி."

வெளியே சுண்ணாம்பு மலையை மழை மூடிக்கொண்டு வந்தது. மாலை வெளிச்சம் சடாரென்று இறங்கியது. தகரக் கூரையில் தண்ணீர் இரைந்த இரைச்சலுக்கு நடுவே, பிரஷ் முடி உரசும் அந்த மெல்லிய சரசரப்பு அவள் காதில் விழுந்தது. அவள் கையில் பிரஷ் இல்லை, அவர் கையிலும் இல்லை. அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு அவர் கையை.

விரல் முட்டிகளில் தோல் சாம்பலாக உரிந்திருந்தது. விளிம்பில் மட்டும். வயசு, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் சுருக்கங்களில் கரும்பழுப்பு இறங்கியது. நிதானமாக. பள்ளம் பார்த்து. நகக்கண்ணில் தேங்கியது.

வாஷ்.

"ஐயா, கை..."

"என்ன கை?" குனிந்து பார்த்தார். தேய்த்தார். போகவில்லை.

அடுத்தது துரு. அவளுக்குத் தெரியும், அவள் வரிசைதான் அது. ஒரு வாரமாக இந்த மேசையில் கிடந்து யாரோ பார்த்துப் பழகியிருக்கிறார்கள்.

காதுக்குக் கீழே ஒரு கோடு விழுந்தது. ஆனால் அவள் இழுக்கும் கோடு செங்குத்தாக இறங்கும். இது சாய்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றி இடமிருந்து வலமாக, ஒரே சீராக. அதற்கடியில் இன்னொன்று. அதற்கடியில் இன்னொன்று. இந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும். அப்பா இருபத்தாறு வருஷம் பால்மரம் சீவியவர். அவர் வெட்டு பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டதே இல்லை என்பார்கள்.

தூசி. புருவத்தில். இமையில்.

"எரியுது பிள்ளை." குரல் கம்மியது. "தின்னர் எங்க? துடைச்சு விடு. கெதியா!"

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. முழங்கால்வரை சிவப்புச் சேறு.

தின்னர் போத்தல் அவள் கைக்கு எட்டும் தூரம். வாஷ் ஈரமாக இருக்கும்வரை துணியில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் எல்லாம் வந்துவிடும். அது அவளுக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது.

போத்தலின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"பிள்ளை... மாயாண்டின்ர மகளே..."

அப்பாவின் பெயர் அந்த வாயிலிருந்து வருவதை முதல் முறையாகக் கேட்டாள்.

கழுத்தின் கடைசிக் கோட்டுக் கீழ்முனையில் ஒரு சொட்டு திரண்டது. இரத்தம் இல்லை. வெள்ளை. திரண்டது, நீண்டது, சட்டைக் காலரில் சொட்டியது. அடுத்தது திரண்டது.

புனிதமலர் ஏசியை அணைத்தாள். விளக்கை அணைக்கவில்லை. வேலை செய்கிறவருக்கு வெளிச்சம் வேண்டும்.

மழையில் இறங்கி நடந்தாள்.