இரண்டாம் நடைமேடையில் மூன்று கற்கள்

காலை 10.40. பனி விலகவில்லை. நடைமேடையில் நின்றவர்களுக்கு ரயிலின் அலறல்தான் கேட்டது. விழுந்தவர் சத்தமே போடவில்லை. தண்டவாளத்தின் நடுவே, மடித்த வெள்ளைக்கோல் ஒன்று கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

இறந்தவர் பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர். பதினோரு வருடமாக இதே நடைமேடை, இதே ரயில்.

12.00. நிலைய அதிகாரி, பெண் இன்ஸ்பெக்டரிடம் கையை விரித்தார். “தற்கொலைதான் மேடம். கொஞ்சம்கூடத் தயங்காம நேரா நடந்து போய் விழுந்தாராம்.”

“துணி காய்ஞ்சதும் எடுத்து வைன்னு சொல்லிட்டுக் கிளம்பினார்,” என்றார் பெஞ்சில் இருந்த ஆசிரியரின் மனைவி. அவருக்கும் பார்வை இல்லை. “சாகப்போறவர் துணியைப் பத்திக் கவலைப்படுவாரா?”

“கோலை ஏன் மடிச்சு வெச்சிருந்தார்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“கூட்டத்துல யார் கால்லயாவது பட்டுடும்னு இங்க எப்பவும் மடிச்சிடுவார். பாதத்தை நம்பித்தான் நடப்பார்.”

நடைமேடையில் மஞ்சள் கற்கள் ஒட்டப்பட்டிருந்தன. கோடுகள் புடைத்த கல் பாதத்திடம் ‘நட’ என்று சொல்லும். புள்ளிகள் புடைத்த கல் ‘நில்’ என்று சொல்லும். ரயில் கதவு வந்து நிற்கும் இடத்துக்குக் கோட்டுக்கல் வரிசை போகும். விளிம்புக்கு முன்னால் புள்ளிக்கல் தடுக்கும்.

இன்ஸ்பெக்டர் காலணியைக் கழற்றி, கண்ணை மூடி நடந்தார். பனிக்குள் எங்கிருந்தோ ஒலிபெருக்கி, ஆளில்லாத நடைமேடையைப் பார்த்து ‘கவனம், கவனம்’ என்றது. ஏழாவது அடியில் புள்ளிகள் உறுத்தின. கண் திறந்தார். விளிம்புக்கு ஒரு முழம்தான்.

கல் சரியாகத்தானே சொல்கிறது?

மனைவியும் வெறுங்காலோடு அதே வழியில் வந்து நின்றார். பாதத்தால் தடவினார். “மேடம், இது பழைய கல்லு இல்ல. அவர்கூட எத்தனை தடவை வந்திருக்கேன். தேஞ்சு வழவழன்னு இருக்கும். இப்ப குத்துது.”

இன்ஸ்பெக்டர் குனிந்தார். சுற்றிலும் எல்லாக் கல்லிலும் பிரேக் தூசி கறுப்பாகப் படிந்திருந்தது. மூன்றில் மட்டும் இல்லை. ஓரத்தைச் சுரண்டினார். பசை இன்னும் பிசுபிசுத்தது.

12.25. பராமரிப்பு மேற்பார்வையாளர் கருவிப் பையோடு வந்தார்.

“இந்தக் கல்லை எப்ப மாத்தினீங்க?”

“மாத்தவே இல்லையே. ஆறு வருஷமா கை வைக்கல.”

“அவர் விழுந்தப்ப?”

“என் ரூம்ல இருந்தேன். பாவம், கோடு போன போக்குல போயிட்டார்.”

“எந்தக் கோடு?”

“அதான்... விளிம்பு வரைக்கும் போகுதே.”

“விளிம்புல புள்ளி இருக்கே. அங்கேயும் கோடு இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் கருவிப் பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்.

“நேத்து மூணு புள்ளிக்கல் உடைஞ்சிருக்கு. புதுசு கிடங்குல இருந்தும், அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல். கையில இருந்த கோட்டுக்கல்லை ஒட்டிட்டீங்க. இன்னைக்கு உடலை எடுத்த பிறகு நடைமேடையை மூடி வெச்சிருந்தாங்க. அந்த நேரத்துல ஓடிப்போய்ப் புள்ளிக்கல்லைக் கொண்டுவந்து மாத்தியிருக்கீங்க. பையைத் திறங்க.”

“ரெண்டு நாளைக்குத்தானேன்னு நினைச்சேன் மேடம்...”

பைக்குள் மூன்று கோட்டுக்கற்கள் இருந்தன.

மனைவி கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் தயங்கி, ஒன்றைக் கொடுத்தார். மனைவியின் விரல்கள் கோட்டின் மேல் மெல்ல ஊர்ந்து, கல் முடிந்த இடத்தில் நின்றன.

“தற்கொலைன்னு எழுதாதீங்க மேடம்,” என்றார். “வழி தவறிட்டார்னும் எழுதாதீங்க. எழுதியிருந்ததைச் சரியாத்தான் படிச்சிருக்கார்.”