இடப்பக்கம், மூன்றாவது வீடு

தேநீர்க் குவளையின் நிழல் ஜன்னலைப் பார்த்து விழுந்திருந்தது.

மாலை மணி நான்கு. மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் மேசைமேல் மஞ்சளாகப் படுத்திருந்தது. நிழல் அறைக்குள்தான் நீளவேண்டும். இது வெயில் வரும் திசையிலேயே நீண்டிருந்தது. குவளையைத் தள்ளிவைத்துப் பார்த்தான். நிழலும் கூடவே நகர்ந்தது, அதே பக்கமாக. வேறு யாராவது என்றால் தூக்கக் கலக்கம் என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு போயிருப்பார்கள். இவனால் முடியாது. நிழலை வைத்துத்தான் இவன் பிழைப்பே.

போர் நடக்கும் ஊர்களிலிருந்து யார் யாரோ இணையத்தில் போடும் வீடியோக்களைப் பார்த்து, அது எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுத்தது என்று கண்டுபிடிக்கிற வேலை. நிழலின் நீளம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, செயற்கைக்கோள் படம் என்று எல்லாம் ஊரறியக் கிடப்பவைதான். ஆபீசில் 'நிழல் சார்' என்று கூப்பிடுவார்கள். போன செவ்வாய்க்கிழமை வரை அது பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு வந்தது பதினோரு விநாடி வீடியோ. ஒரு வீட்டோரம் ராக்கெட் ஏவும் வண்டி ஒளிந்து நின்றது. தெருவின் இடப்பக்கம், மூன்றாவது வீடு என்று சிவப்பு வட்டம் போட்டு, கீழே 'உறுதி' என்று எழுதி வெளியிட்டான். மறுநாள் அந்த வீட்டில் குண்டு விழுந்தது. அதற்கும் மறுநாள்தான், வீடியோவின் ஓரத்தில் ஒரு கணம் தெரிந்த கடைப் பலகையைக் கவனித்தான். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தது. தேடுகிறவர்களை ஏமாற்ற, வீடியோவை இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருந்தார்கள். முதலில் புரட்டிப் பார் என்பதுதான் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லித்தந்த பாடம். அந்தச் செவ்வாய்க்கிழமை மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது. பார்க்கவில்லை.

வண்டி நின்றது எதிர் வீட்டில். குண்டு விழுந்த வீட்டில் செத்துப்போனது ஓர் அம்மாவும் ஆறு வயதுப் பெண்ணும். இடிந்த வீட்டின் படத்தில், பால்கனிக் கம்பியில் ஒரு மஞ்சள் துண்டு மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. எந்த வாயால் சொல்வது?

போன் அடித்தது. ஆபீசில் இவன் பதிவுகளைச் சரிபார்க்கும் ஆசிரியர் அம்மா.

"நிழல் சார், அந்தச் செவ்வாய்க்கிழமை வீடியோ... அந்தக் குழந்தையோட அப்பா எழுதியிருக்கார். எங்க வீட்ல எந்த வண்டியும் நிக்கலைன்னு. பாவமா இருக்கு. நீங்க புரட்டிப் பார்த்தீங்கதானே?"

சொல்லித் தொலைடா, இப்பவாவது சொல்லு என்றது மனசு.

"பார்த்தேன் மேடம். சரியாத்தான் இருக்கு."

"அப்பாடா. அப்போ வண்டி அங்கதான் நின்னுதுன்னு பதில் போட்டுடறேன்."

போனை வைத்தான். எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும் மேசை விளக்கு இடக்கைப் பக்கம் நின்றது. சுவரில் மகளின் பள்ளி நாள்காட்டி. அதில் எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது. சிமெண்ட் தூசியின் வாசம் எங்கிருந்தோ வந்து தொண்டையைக் கரகரக்க வைத்தது, பழைய கட்டடத்தை இடிக்கும்போது வருமே, அந்த வாசம். தலைக்கு மேலே, வெகு உயரத்தில், ஒரு ரீங்காரம், போர் வீடியோக்களில் கேட்கும் ட்ரோன் சத்தம்போல.

கணினித் திரையைப் பார்த்தான். அவனுடைய அதே பதிவு. அதே சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் இருந்தது இவன் வீட்டுப் பால்கனி.

கீழே, 'உறுதி'.

"அப்பா!" காய்ச்சலுக்காகப் பள்ளிக்கு அனுப்பாமல் உள்ளறையில் படுக்கவைத்திருந்த மகளின் குரல். பால்கனியிலிருந்து வந்தது. "எதிர் வீட்டுக்கு யாரோ புதுசா வந்திருக்காங்கப்பா. கையாட்டறாங்க."

எதிர் வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது.

ஓடினான். கதவுப் பிடி இடம் மாறியிருந்தது. தடவினான். கிடைத்தது. ரீங்காரம் இறங்கிவந்துகொண்டிருந்தது. மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

"இது இல்ல! இந்த வீடு இல்ல! எதிர் வீடு!"

கத்திய பிறகுதான் எதிரே பார்த்தான்.

பால்கனியில் ஓர் அம்மா. பக்கத்தில் ஒரு சின்னப் பெண். தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசி. கம்பியில் மஞ்சள் துண்டு.

"ஐயோ... நான்தான். தப்பு என்னுதுதான்," என்றான். குரல் வெளியே வரவில்லை.

அந்தச் சின்னப் பெண் கையாட்டுவதை நிறுத்தினாள். ஒற்றை விரலை நீட்டினாள். இவர்களைச் சுற்றி, காற்றில், மெதுவாக ஒரு வட்டம் போட்டாள்.

புது விளையாட்டு என்று நினைத்து மகள் சிரித்தாள். தன் விரலை நீட்டி அவளும் அப்படியே போட்டாள்.

ரீங்காரம் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.