காலி ஊரில் பந்துச் சத்தம்

மார்கழிப் பனியில் எதிரே வரும் ஆள்கூடத் தெரியவில்லை. பால் வாங்கப் போன சந்திரகலா சட்டென்று நின்றாள்.

தொம்!... தொம்!

சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊரிலிருந்து சத்தம் வந்தது. கூரை பிரித்த வீடுகளும் மொட்டைச் சுவர்களும்தான் அங்கே மிச்சம்.

“நின்னுகினு கேக்காத பாப்பா, வந்துடு!” என்று பதறினாள் பால்கார வீரம்மாள். “ஆளில்லாத ஊரு. எது எதை இடிக்குதோ!”

பதினோரு வயது சந்திரகலாவுக்கும் நடுக்கம்தான். ஆனால் சத்தத்துக்கு நடுவே யாரோ அலுத்துக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

“சே! நெட்டுல பட்டுடுச்சு!”

‘பேய்க்கு எதுக்கு நெட்டு?’

பால் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். கதவில்லாத வாசல்கள் இருபுறமும் கறுப்பாகத் திறந்து கிடந்தன. ஊர்க் கோடியில் பழைய பள்ளிக்கூடச் சுவர். அதில் நெட்டுக்குப் பதிலாகக் கரியால் நீளமாக ஒரு கோடு. அந்தரத்தில் எழும்பிய ஓர் உருவம் கோட்டுக்கு மேலே பந்தை அறைந்தது.

“நீங்க... பேயா?”

உருவம் அலறிப் பின்னால் தாவியது. “ஐயோ! நீ யாரு?”

அவன் பெயர் கொளஞ்சிநாதன். அந்த ஊர்க்காரன்தான். இப்போது மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கடலூரில் பி.யூ.சி. படிக்கிறான்.

“மேல படிக்க வசதியில்ல, இதோட படிப்பு முடிஞ்சுது. வாலிபாலுக்காக எந்தக் காலேஜாவது சேத்துக்கினா பி.ஏ. படிக்கலாம். அவங்க கண்ணுல நான் எங்க படறது?”

சந்திரகலாவின் கண்கள் விரிந்தன. “இங்கேயே இருங்கண்ணா!” என்று ஓட்டமெடுத்தாள்.

வீட்டில் அப்பாவின் நண்பர் சங்கரலிங்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர்.

“நேத்து முழுக்க இங்க வாலிபால் மேட்ச் பார்த்தேன், பரமசிவம். ஆடினவங்க எல்லாம் வேலையில இருக்கிறவங்க. காலேஜுக்கு ஒரு பையன் கிடைக்கலையே!”

“சார்,” என்று மூச்சிரைத்தாள் சந்திரகலா, “பேய் ஒண்ணு வாலிபால் அடிக்குது. பாக்க வர்றீங்களா?”

அவர் சிரித்தபடி செருப்பை மாட்டினார்.

பள்ளிக்கூடத்தை நெருங்கியதும் சிரிப்பு நின்றது. கொளஞ்சிநாதன் எழும்பி எழும்பி அறைந்தான். ஒவ்வொரு அடியும் கோட்டுக்கு ஒரு விரல் மேலே விழுந்தது.

“இன்னும் உயரமா!” என்றார் சார்.

பந்து சுவரைத் தாண்டிப் பனிக்குள் மறைந்தது. அது தரையில் விழும் சத்தமே கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பந்து சுவருக்கு மேலாக மெல்ல மிதந்து வந்தது. கொளஞ்சிநாதன் துள்ளி எழுந்து அதை அறைந்தான்.

“அந்தப் பக்கம் யாருப்பா?” என்று கேட்டார் சார்.

“யாரும் இல்லைங்க. போய்ப் பாத்தேன், ஒரு காலடித் தடம்கூடக் கெடையாது. திருப்பிக் குடுக்குது, வாங்கி அடிக்கிறேன்.”

சந்திரகலா சாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லிட்டிருந்தது.

“ஜூன் மாசம் எங்க காலேஜுக்கு வந்துடு,” என்றார் அவர். “ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் நான் பொறுப்பு. இப்படி ஒரு ஆட்டக்காரனை விடமாட்டேன். சரி, கிளம்பலாமா?”

அவருடைய மெட்ராஸ் பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஆனாலும் சார் ஓட்டமும் நடையுமாக முன்னால் போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கொளஞ்சிநாதன் சந்திரகலாவோடு நடந்தான். அவன் வெறுங்கையோடு வருவதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“அண்ணா, பந்து?”

“இருக்கட்டும் பாப்பா,” என்றான் அவன். “அவங்களும் ஆடணும் இல்ல?”